முங்கு நீச்சல் தெரிந்தவர்களுக்கு ஸ்கூபா: காவிரிக்கரையிலிருந்து பவளப்பாறை வரை

டெல்டாவில் முங்கு நீச்சலை யாரும் பாடமாகச் சொல்லித் தருவதில்லை. மேட்டூரில் திறந்த தண்ணீர் அரசலாற்றுக்கு வந்து சேர்ந்த அன்றே படித்துறையிலிருந்து குதித்துவிடுவோம். முங்கிப் போய் அடியிலிருந்து ஒரு கைப்பிடி மண்ணை அள்ளி வந்து காட்ட வேண்டும். மண்ணோடு வந்தவன் ஜெயித்தான். அந்த விளையாட்டுக்கு இரண்டு திறமைகள் போதும்: மூச்சைப் பிடித்துக்கொள்ளத் தெரிய வேண்டும், தரையைத் தொடத் தெரிய வேண்டும்.

ஸ்கூபா என்பது முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, நீருக்கடியில் மூச்சு விட்டபடி நீந்துவது. பவளப்பாறையில் அதைச் செய்யப் போகிறவர் முதலில் விட வேண்டியவை இந்த இரண்டும்தான். மூச்சைப் பிடித்தால் உங்களுக்கு ஆபத்து. தரையைத் தொட்டால் பவளத்துக்கு ஆபத்து. நான் முப்பத்தெட்டு வயதில்தான் ஸ்கூபா கற்றேன். முங்கு நீச்சல் தெரியாமல் வந்த மற்றவர்களைவிட எனக்குத்தான் அதிக நாள் பிடித்தது, ஆற்றுப் பழக்கம் உடம்பில் அவ்வளவு ஊறியிருந்தது. என்னைப் போல கும்பகோணம், திருவாரூர், மன்னார்குடிப் பக்கம் குளத்திலும் ஆற்றிலும் வளர்ந்து, பவளத்தை நேரில் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 12 மீட்டருக்கு உட்பட்ட, வெதுவெதுப்பான, அலை குறைந்த கடலைத்தான் மனதில் வைத்திருக்கிறேன். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதைப் படிப்பது பயிற்சிக்கு ஈடாகாது. பயிற்சிக்குப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போக உதவும்.

நம் கரையில் ஏன் பவளம் இல்லை

கடல் இவ்வளவு பக்கத்தில் இருக்கிறதே, பூம்புகாரிலோ தரங்கம்பாடியிலோ இறங்கிப் பார்க்கலாமே என்று எனக்கும் தோன்றியது. நாகைப் பக்கம் ஒரு மீனவப் பெரியவரிடம் கேட்டேன். "பாருக்குத் தெக்க போவணும் தம்பி, இங்க சேறுதான்" என்றார். கடலடிப் பாறைத் திட்டை நம் மீனவர்கள் 'பார்' என்பார்கள். முத்துக்குளித்த காலத்திலிருந்து வழங்கும் சொல் அது.

பவளம் என்பது கல் இல்லை, உயிர். குண்டூசித் தலை அளவு முதல் சில மில்லிமீட்டர் வரையுள்ள ஆயிரக்கணக்கான சிறு விலங்குகள் ஒன்றாக ஒட்டி வாழ்ந்து, சுண்ணாம்பால் கட்டும் வீடு. அவற்றின் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. பாசி வெயிலை வைத்துச் சமைக்கிறது, பவளம் அதைச் சாப்பிடுகிறது. அதனால் வெளிச்சம் இறங்கும் தெளிந்த நீர் வேண்டும். உப்பு குறையக் கூடாது. ஒட்டிக்கொள்ளக் கெட்டியான தளம் வேண்டும். சுமாராக 23 முதல் 29 டிகிரி வெப்பம் அதற்குச் சுகம்.

கொள்ளிடம் கடலில் சேரும் பழையாற்றிலிருந்து கோடியக்கரை வரை நம் கரையில் இவை சேர்ந்து அமைவதில்லை. ஆறுகள் நன்னீரையும் வண்டலையும் கொண்டு வந்து கொட்டுகின்றன. வண்டல் படிந்தால் பவளத்துக்கு வெளிச்சம் போகும், மூச்சும் அடைக்கும். நம் வயல்களை உண்டாக்கிய அதே வண்டல்தான் நம் கடலில் பவளத்தை வரவிடாமல் செய்தது. பூம்புகாருக்கு அப்பால் 1990-களில் தேசியக் கடலியல் நிறுவனத்தின் தொல்லியலாளர்கள் 20 மீட்டர் சுற்றியுள்ள ஆழங்களில் முக்குளித்து ஆய்வு செய்தார்கள். கலங்கல் நீரில் பழகிய கைகள் செய்த வேலை அது, புதியவர் இறங்கும் இடம் இல்லை.

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டைத் தாண்டினால் அதிராம்பட்டினம் பக்கம் கடலடியில் கடற்புல் விரிகிறது. அது ஆவுளியா என்ற கடற்பசு மேயும் இடம். 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. இந்தியாவில் கடற்பசுவுக்கென்று அறிவிக்கப்பட்ட முதல் இடம் நம் மாவட்டத்துக் கடல் என்பது எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது. ஆனாலும் பவளத்துக்கு இன்னும் தெற்கே போக வேண்டும்.

எங்கே, எப்போது

மிக அருகில் இருப்பவை மண்டபம், பாம்பன் சுற்றியுள்ள பவளத்திட்டுகள். நாகையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து முத்துப்பேட்டை, மீமிசல், தொண்டி வழியாகப் போய்விடலாம். அங்கே இரண்டு கடல்கள். வடக்கே பாக் விரிகுடா, ஊரார் 'பெண் கடல்' என்பார்கள். தெற்கே மன்னார் வளைகுடா, 'ஆண் கடல்'. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் ஆண் கடல் குமுறும். வாடைக்காற்று வந்ததும் பெண் கடல் கலங்கும். ஐப்பசி, கார்த்திகையில் போகவே போகாதீர்கள். மாசி, பங்குனியில் காற்று அடங்கி இரு பக்கமும் ஓரளவு தெளியும்.

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அந்தத் தீவுகளைச் சுற்றி வனத்துறை அனுமதி இல்லாமல் யார் கூட்டிப் போவதாகச் சொன்னாலும் போகாதீர்கள். பாக் விரிகுடாப் பக்கத்துக் கரையோரத் திட்டுகள் மிகவும் ஆழம் குறைந்தவை. அங்கே சிலிண்டரைவிட, முகத்தை நீரில் வைத்தபடி மேலே மிதந்துகொண்டே மூச்சு விட உதவும் ஸ்நோர்கெல் குழாய்தான் பொருத்தம். முதல் முறை பவளம் பார்க்க அது நல்ல இடம் என்பது என் எண்ணம். மேலிருந்து பார்த்து ஆசை வளர்ந்த பிறகு சிலிண்டர் கட்டலாம்.

முறையாகக் கற்றுக்கொள்ள அந்தமான் எனக்குப் பிடித்தது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் நன்றாக இருக்கும், தமிழில் சொல்லித்தரும் ஆட்களும் கிடைப்பார்கள். லட்சத்தீவுக்கு நுழைவு அனுமதி வாங்க வேண்டும். கர்நாடகத்தில் முருதேஸ்வரத்துக்கு அப்பால் நேத்ராணித் தீவு இருக்கிறது. இன்னொரு வழியை டெல்டாக்காரர்கள் யோசிக்கலாம்: நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் தொடங்கியது. அதில் போய்த் தரைவழியாகத் திருகோணமலை சேர்ந்தால் நிலாவெளியும் புறாத்தீவும் இருக்கின்றன. அங்கே மே முதல் செப்டம்பர் வரை கடல் அமைதி. அதில் மே மாதம் நமக்குக் கோடை விடுமுறை. கப்பல் ஓடுகிறதா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள், மழைக்காலத்தில் நிற்கும். கப்பலில் திரும்புவதில் உடம்புக்கும் ஒரு நன்மை உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

உடம்பும் நீச்சலும்

சான்றிதழ்ப் பயிற்சியில் 200 மீட்டர் நிற்காமல் நீந்தச் சொல்வார்கள், 10 நிமிடம் மிதக்கச் சொல்வார்கள். "ஆத்துல அக்கரைக்கே போவேன்" என்று நினைத்துக்கொண்டு பயிற்சி இல்லாமல் போய்விடாதீர்கள். ஆற்றில் நாம் நீந்துவது பாதி, ஆறு நம்மைக் கொண்டு போவது பாதி. கை ஓய்ந்தால் அடுத்த படித்துறையில் ஏறிக்கொள்வோம். கடலில் அடுத்த படித்துறை கிடையாது. ஓட்டமில்லாத கோயில் குளத்திலோ நீச்சல் குளத்திலோ ஒரு மாதம் தினமும் நீந்திப் பாருங்கள். வேகம் வேண்டாம், மூச்சு வாங்காமல் முடித்தால் போதும்.

பயிற்சி நிலையம் ஒரு மருத்துவப் படிவம் தரும். ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு, காது அறுவை, முன்பு நுரையீரலில் காற்று கசிந்தது, கர்ப்பம் இவற்றில் எது இருந்தாலும் மறைக்கக் கூடாது. நம் ஊரில் 'அதெல்லாம் ஒன்னுமில்ல' என்று எல்லாவற்றுக்கும் 'இல்லை' போடும் வழக்கம் உண்டு. இங்கே அது உயிரோடு விளையாடுவது. மருத்துவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டுப் போங்கள்.

சளி இருந்தால் அன்று இறங்க வேண்டாம். மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கினால், அடியில் இருக்கும்போது மருந்தின் வேகம் குறைந்து, மேலே வரும்போது காதிலும் நெற்றிக்குழியிலும் காற்று அடைத்துக்கொள்ளும். விடுமுறை வீணாகிறதே என்று மனம் அடித்துக்கொள்ளும். இருந்தாலும் படகிலேயே உட்காருங்கள்.

யாரிடம் கற்பது

இரண்டு வழிகள். ஒரே நாளில் பயிற்றுநர் கையைப் பிடித்துக் கூட்டிப் போகும் அறிமுக முக்குளிப்பு ஒன்று, அதற்கு 12 மீட்டர்தான் எல்லை. மூன்று நான்கு நாள் படித்துச் சான்றிதழ் வாங்குவது மற்றொன்று, அதில் 18 மீட்டர் வரை துணையோடு போகலாம். முடிந்தால் இரண்டாவதைச் செய்யுங்கள். அறிமுக முக்குளிப்பில் நீங்கள் ஒரு பயணி. சான்றிதழ்ப் பயிற்சியில்தான் உங்கள் உயிரை நீங்களே பார்த்துக்கொள்ளக் கற்கிறீர்கள்.

ஒரு சுற்றுலாக் கடற்கரையில் படிவமும் கொடுக்காமல், எதையும் விளக்காமல், நேராகச் சிலிண்டரை மாட்டிவிட வந்தார்கள். ஒருவர் மூன்று பேரைச் சேர்த்துக் கூட்டிப் போகத் தயாராக இருந்தார். கட்டிய பணத்தை விட்டுவிட்டு எழுந்து வந்தேன். இன்றும் அந்த முடிவு சரியென்றே நினைக்கிறேன். பணம் கட்டும் முன் இவற்றைக் கேளுங்கள்: பயிற்றுநர் எந்த அமைப்பின் சான்றிதழ் வைத்திருக்கிறார்? ஒருவருக்கு எத்தனை பேர்? முதல் முறைக்கு ஒருவருக்கு ஒருவர் நல்லது, இருவருக்கு மேல் வேண்டாம். படகில் அவசர ஆக்சிஜன் இருக்கிறதா? முக்குளித்தவர் உடம்பில் குமிழி உண்டானால் அதைக் கரைக்க அழுத்த அறைச் சிகிச்சை தரும் மருத்துவமனை எங்கே? கேள்வியைக் கேட்டதும் முகம் சுளிக்கிறவரிடம் போக வேண்டாம்.

சாதனங்கள்

எல்லாவற்றையும் வாடகைக்கே தருவார்கள். முகமூடி ஒன்றை மட்டும் சொந்தமாக வாங்குங்கள் என்பேன், முகத்துக்கு முகம் அளவு மாறும். பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சுங்கள். கையை எடுத்தாலும் விழாமல் நின்றால் அது உங்களுக்கானது. அடர்ந்த மீசை இருந்தால் நீர் கசியும். மூக்குக்குக் கீழே ஒரு கோடு அளவுக்கு மழித்துவிட்டால் சரியாகும். பெரிய மூக்குத்தி, காதை அடைப்பெடுக்க மூக்கைப் பிடிக்கும்போது இடைஞ்சல் செய்யும். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு போனால் பட்டை வழுக்கும். நீளக் கூந்தலைத் தாழப் பின்னிக் கட்டுங்கள். கண்ணாடி போடுகிறவர்களுக்குப் பவர் வைத்த முகமூடி கிடைக்கிறது.

சிலிண்டரில் இருப்பதை ஆக்சிஜன் என்று பலர் நினைக்கிறார்கள். சாதாரணக் காற்றைத்தான் வடிகட்டி அழுத்தி அடைத்திருக்கிறார்கள். அந்தக் காற்றை வாய்க்கு வேண்டிய அழுத்தத்தில் தருவது ரெகுலேட்டர். நீங்கள் உறிஞ்சும்போது மட்டும் காற்று தரும் இந்த ஏற்பாட்டை 1943-இல் பிரான்சில் கடற்படை அதிகாரி ஜாக் குஸ்தோவும் பொறியாளர் எமில் கான்யானும் உருவாக்கினார்கள். காற்றை ஏற்றியும் இறக்கியும் மிதப்பைச் சரிசெய்யும் சட்டைக்கு பி.சி.டி. என்று பெயர். இடுப்பில் ஈய எடை. காலில் துடுப்பு. கடல் 28 டிகிரி இருந்தாலும் தண்ணீர் உடம்புச் சூட்டைக் காற்றைவிடப் பல மடங்கு வேகமாக இழுக்கும், அதனால் மெல்லிய முழு உடை நல்லது. முழுக்கை உடை போட்டுவிட்டால் சன்ஸ்கிரீன் பூச வேண்டிய தேவையும் குறையும். அந்தக் களிம்புகளில் சில வேதிப்பொருள்கள் பவளத்துக்குக் கெடுதல்.

இறங்கும் முன்

காலையில் இரண்டு இட்லி போதும், இலை போட்ட சாப்பாடு கரைக்கு வந்த பிறகு. முந்தின இரவும் அன்றும் மது கூடாது. தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

படகில் துணைவரோடு மாறி மாறிச் சோதனை செய்யுங்கள். பி.சி.டி.யில் காற்று ஏறுகிறதா, இறங்குகிறதா. ஈய எடையை ஒரே இழுப்பில் கழற்ற வருகிறதா. கொக்கிகள் எல்லாம் மாட்டியிருக்கின்றனவா. சிலிண்டர் முழுதாகத் திறந்திருக்கிறதா. கடைசியாக, அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டே ரெகுலேட்டரில் நாலைந்து மூச்சு இழுங்கள். முள் ஆடாமல் 200 பார் அருகே நிற்க வேண்டும் (இந்தப் 'பார்' பாறைத் திட்டு இல்லை, காற்றழுத்தத்தை அளக்கும் அலகு). இழுக்கும்போது முள் ஆடினால் வால்வு சரியாகத் திறக்கவில்லை. அவசரப்படுத்தினாலும் இதை விடாதீர்கள்.

மூச்சு

இதை நிதானமாகச் சொல்ல வேண்டும்.

மேற்பரப்பில் நம்மேல் ஒரு வளிமண்டல அழுத்தம். 10 மீட்டர் இறங்கினால் அது இரட்டிப்பாகும். ஆற்றில் முங்கும்போது மேலே இழுத்த மூச்சோடு போகிறோம். அடியில் அது சுருங்கும், மேலே வந்தால் பழையபடி விரியும், அவ்வளவுதான். ஸ்கூபாவில் அடியில் இருக்கும்போதே அந்த அழுத்தத்துக்கு ஏற்ற காற்றை நெஞ்சு நிறைய இழுக்கிறோம். 10 மீட்டரில் இழுத்த 4 லிட்டர், மூச்சைப் பிடித்தபடி மேலே வந்தால் 8 லிட்டர் ஆக முயலும். அதற்கு நுரையீரலில் இடம் இல்லை, கிழிந்துவிடும். ஆழம் குறைவுதானே என்று நினைக்க வேண்டாம். ஒன்றரை மீட்டருக்குள்ளேயே இது நடக்கக்கூடும். மேற்பரப்பை ஒட்டிய முதல் 10 மீட்டரில்தான் கன அளவு மிக வேகமாக மாறுகிறது. ஆழம் குறைந்த பாறை பாதுகாப்பானது என்ற எண்ணம் பாதிதான் உண்மை.

என் மூன்றாவது முக்குளிப்பில் இது நடந்தது. 6 மீட்டர் ஆழம். ஒரு கடலாமை பாறை இடுக்கிலிருந்து எழுந்து என் பக்கமாக வந்தது. பார்த்த வியப்பில் மூச்சை இழுத்தவன் அப்படியே பிடித்துக்கொண்டேன். படித்துறையிலிருந்து குதிக்கும்போது செய்யும் அதே பிடிப்பு. நெஞ்சு பலூன் போல உடம்பைத் தூக்க ஆரம்பித்தது. மேலே போகப் போகக் காற்று விரிந்தது, விரிய விரிய இன்னும் மேலே போனேன். பயிற்றுநர் துடுப்பைப் பிடித்து நிறுத்தினார். தன் நெஞ்சைத் தட்டி, வாயருகே விரல்களை விரித்துக் குமிழி விடச் சொன்னார். படகுக்கு வந்ததும், "அண்ணே, மூச்ச விட மறந்தா எல்லாம் மறந்த மாதிரி" என்றார்.

மறக்காமலிருக்க வழி இது: நிதானமாக இழுங்கள், அதைவிட நிதானமாக விடுங்கள். இழுக்கும்போது மனதுக்குள் நான்கு எண்ணுங்கள், விடும்போது ஆறு. ரெகுலேட்டர் வாயில் இல்லாத நேரத்தில்கூட 'ஊ' என்று சிறு குமிழிகளை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டில் தொலைக்காட்சி பார்க்கும்போது ஸ்நோர்கெல் குழாயை வாயில் வைத்து, மூக்கைப் பயன்படுத்தாமல் இப்படி மூச்சு விட்டுப் பழகினேன். நல்ல பலன் கொடுத்தது.

ஸ்நோர்கெல் போட்டு மூச்சைப் பிடித்து முங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. முங்கும் முன் வேக வேகமாகப் பத்துப் பதினைந்து மூச்சு இழுக்கும் பழக்கம் ஆற்றங்கரைப் பிள்ளைகளிடம் உண்டு. அது ஆக்சிஜனைக் கூட்டுவதில்லை, மூச்சு முட்டும் உணர்வை மட்டும் தள்ளிப்போடுகிறது. அதனால் எச்சரிக்கையே இல்லாமல் தண்ணீருக்குள் மயக்கம் வரும். பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

இறங்குதலும் காதும்

படகு கட்டிய கயிற்றைப் பிடித்து, கால் கீழே தலை மேலே என்று இறங்குங்கள். மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதினால் காதில் 'டப்' என்று திறக்கும். அரை மீட்டருக்கு ஒரு முறை, வலி வருவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். வலித்த பிறகு ஊதினால் திறக்காது. வலித்தால் அரை மீட்டர் மேலே ஏறி, எச்சிலை விழுங்கிவிட்டு மறுபடி முயலுங்கள். பலமாக ஊதவே கூடாது. முதல் 3 மீட்டர்தான் பாடு. மற்றவர்கள் கீழே காத்திருக்கிறார்களே என்று கூச்சப்படாதீர்கள், காதைக் காட்டிக் கையை ஆட்டினால் பயிற்றுநர் நின்றுவிடுவார்.

முகமூடிக்குள் நீர் வந்தால் மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்தி, சற்றே அண்ணாந்து மூக்கால் ஊதுங்கள், வெளியேறிவிடும். இதைக் குளத்தில் இருபது முறையாவது செய்துவிட்டுத்தான் கடலுக்கு வர வேண்டும். கடலில் பதற்றம் பெரும்பாலும் மூக்கில் ஏறும் தண்ணீரில்தான் தொடங்குகிறது.

மிதவை

தரையைத் தொடாமல், மேலேயும் போகாமல், அந்தரத்தில் நிற்பதுதான் ஸ்கூபாவின் உயிர்நாடி. முதலில் எடை. கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ இரண்டரை சதவீதம் கனம். குளத்தில் சரியாக இருந்த எடை கடலில் போதாது, சராசரி உடம்புக்கும் சாதனங்களுக்கும் சேர்த்து 2 கிலோ அளவு கூட்ட வேண்டி வரும். சோதிக்க வழி: மேற்பரப்பில் பி.சி.டி.யைக் காலி செய்து, சாதாரண மூச்சோடு அசையாமல் நில்லுங்கள். நீர்மட்டம் கண்ணுக்கு நேராக நின்று, மூச்சை விட்டதும் அமிழ்ந்தால் எடை சரி. சிலிண்டர் நிறைந்திருக்கும்போது இதைச் செய்தால் இன்னும் 2 கிலோ சேர்க்க வேண்டும். காற்றுக்கும் எடை உண்டு, கடைசியில் சிலிண்டர் அந்த அளவுக்கு இலகுவாகிவிடும்.

பயந்தவர்களுக்கு அதிக ஈயம் கட்டிவிடுவது சில இடங்களில் வழக்கம். அது தவறு. கனத்தால் கீழே போவீர்கள், சட்டையில் காற்றை ஏற்றுவீர்கள், கொஞ்சம் ஏறினால் அந்தக் காற்று விரிந்து மேலே தூக்கும். ஏற்றமும் இறக்கமுமாகவே நேரம் போய்விடும்.

எடை சரியானதும், பி.சி.டி.யில் துளித் துளியாகக் காற்றை ஏற்றிச் சமநிலைக்கு வாருங்கள். அதன் பிறகு நுரையீரலே போதும். மூச்சை இழுத்தால் ஓரிரு நொடி கழித்து உடம்பு சற்று எழும்பும், விட்டால் தாழும். அந்த ஓரிரு நொடித் தாமதம் பிடிபடும் வரை பொறுமை வேண்டும். பிடிபட்ட அன்று, தூளியில் கிடப்பது போல இருந்தது எனக்கு.

உடம்பைப் படுக்கை வசமாக வையுங்கள். கையை ஆட்டாதீர்கள், மார்போடு கட்டிக்கொள்ளுங்கள். காலை மேலும் கீழும் உதைத்தால் துடுப்பு மணலைக் கிளப்பும். அந்த மணல் பவளத்தின் மேல் படியும். நம் ஆறுகள் நம் கரையில் செய்ததை ஒரு துடுப்பு சின்ன அளவில் அங்கே செய்கிறது. இதற்கு நம் தவளை நீச்சல் கை கொடுக்கிறது: முழங்காலை மடக்கி, பாதத்தைப் பக்கவாட்டில் விரித்து உதைத்து, சேர்த்து, சறுக்கிப் போங்கள். ஆற்றுப் பழக்கத்தில் அங்கே அப்படியே உதவுவது இது ஒன்றுதான் என்பேன்.

காற்றுக் கணக்கும் கை சைகையும்

11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் என்றால் சுமார் 2,200 லிட்டர் காற்று. கடைசி 50 பாரைத் தொடக் கூடாது, மீதி 1,650. புதியவர் மேற்பரப்பில் நிமிடத்துக்கு 25 லிட்டர் செலவழிப்பதாக வைத்துக்கொண்டால், 10 மீட்டரில் இரு மடங்கு, 50 லிட்டர். 33 நிமிடம் வரும். 5 மீட்டரில் இருந்தால் 44 நிமிடம். பவளத்தின் வண்ணமும் மேலேதான் அதிகம், ஆழம் போகப் போகச் சிவப்பு முதலில் மங்கும். ஆழமாகப் போக வேண்டும் என்ற ஆசையை விட இந்தக் கணக்கே போதும். 100 பார் ஆனதும் பயிற்றுநரிடம் காட்டித் திரும்பத் தொடங்குங்கள். நீரோட்டத்தை நம் கரையோரத்தில் நீவாடு என்பார்கள். போகும்போது அதை எதிர்த்துப் போனால் களைத்துத் திரும்பும்போது அது உங்களைக் கொண்டுவந்து விடும்.

சைகைகளில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கட்டைவிரலை உயர்த்தினால் நம் ஊரில் 'சூப்பர்'. தண்ணீருக்குள் அதன் பொருள் 'மேலே போகலாம்'. நன்றாக இருக்கிறேன் என்று சொல்ல ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் வட்டமாகச் சேர்க்க வேண்டும். உள்ளங்கையை விரித்து அப்படியும் இப்படியும் ஆட்டினால் ஏதோ சரியில்லை. கழுத்தை அறுப்பது போலக் காட்டினால் காற்று இல்லை. துணைவரைக் காணவில்லை என்றால் ஒரு நிமிடம் சுற்றித் தேடிவிட்டு மெதுவாக மேலே வந்துவிடுங்கள்.

பாறையில்

ஓரிடத்தில் நின்று பாருங்கள். ஓடி ஓடிப் பார்த்தால் எல்லாம் ஒளிந்துகொள்ளும். கிளிமீன் பவளக் கல்லைக் கரகரவென்று சுரண்டும் சத்தம் கேட்கும். அது சுரண்டித் தின்று வெளியேற்றுவதுதான் அந்த வெள்ளை மணலில் பெரும்பங்கு. பூப்போல விரியும் கடல் சாமந்திக்குள் கோமாளி மீன், இடுக்கில் வாயைத் திறந்து திறந்து மூடும், பாம்பு போன்ற அஞ்சாலை மீன், நிழலில் அசையாத களவா மீன். அஞ்சாலை வாயைத் திறப்பது மிரட்டல் இல்லை, அதன் மூச்சு. கூடு காக்கும் பெரிய கிளாத்தி மீன் வகை ஒன்று மட்டும் துரத்திக் கடிக்கும். அதன் எல்லை கூட்டிலிருந்து மேலே போகப் போக அகலமாகும், ஆகவே மேலே எழும்பாமல் பக்கவாட்டில் விலகிப் போங்கள். திருக்கை மணலில் புதைந்திருக்கும், கல்மீன் கல்லாகவே தெரியும். எதன் மேலும் கை வைக்காதவருக்கு இவற்றால் தொல்லை மிக அரிது. மீன் முள் குத்திவிட்டால், தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அந்த இடத்தை வைத்தபடி மருத்துவரிடம் போக வேண்டும்.

உருண்டைப் பவளம் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளர்கிறது. பூசணிக்காய் அளவு ஒன்று உங்கள் துடுப்பில் உடைந்தால், அது உங்கள் பிள்ளையின் வயது. 2001-இலிருந்து பாறை கட்டும் பவளங்கள் எல்லாம் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடற்குதிரையும் கடல் அட்டையும் அப்படியே. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் செத்த துண்டைக்கூடப் பையில் போடாதீர்கள். ஒரு காலத்தில் மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல் சூடேறி, பவளம் தன் பாசியை இழந்து வெளுத்தது. வெளுத்த திட்டு ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். தண்ணீர் வராத வருடத்து வயல் நினைவுக்கு வந்தது. வெளுத்ததெல்லாம் உடனே சாவதில்லை, சூடு தணிந்தால் பாசி திரும்பும். அந்த நிலையில் இருக்கும் பவளத்தின் மேல் மணல் விழாமல் விலகி நீந்துவது நாம் செய்யக்கூடிய சின்ன உதவி.

மேலே வருதல்

நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் போகாத வேகம். உங்கள் சிறு குமிழிகளை முந்தாதீர்கள். பி.சி.டி.யில் காற்றை ஏற்றி மேலே வரக் கூடாது, இருக்கும் காற்றை விட்டுக்கொண்டே வர வேண்டும். 5 மீட்டரில் 3 நிமிடம் நில்லுங்கள். ஆழம் குறைந்த முக்குளிப்பிலும் இதை வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் தலைக்கு மேல் படகு இருக்கிறதா என்று நிமிர்ந்து பார்த்து, ஒரு கையை உயர்த்தி, மூச்சை விட்டபடி வெளியே வாருங்கள். வந்ததும் பி.சி.டி.யில் காற்றை நிரப்புங்கள். படகைப் பிடிக்கும் வரை ரெகுலேட்டர் வாயிலேயே இருக்கட்டும்.

கரையேறிய பிறகு

அடியில் அழுத்தத்தோடு இழுத்த காற்றிலிருந்து உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் மெதுவாகத்தான் வெளியேறும். அதற்குள் உயரமான இடத்துக்குப் போனால் அழுத்தம் குறைந்து குமிழியாகும். ஒரே ஒரு முக்குளிப்பு என்றால் விமானத்துக்கு 12 மணி நேரம், பல நாள் செய்திருந்தால் 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். நான் 24 வைத்துக்கொள்கிறேன். கப்பலில் திரும்பினால் கடல்மட்டத்திலேயே வருவதால் இந்தக் காத்திருப்பு இல்லை. நம்மவர்கள் ராமேஸ்வரம் முடித்து அப்படியே கொடைக்கானல் ஏறும் பழக்கம் உள்ளவர்கள். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம், விமானத்துக்குச் சொன்ன அதே விதி அதற்கும் பொருந்தும். ஒரு நாள் மதுரையில் தங்கிவிட்டுப் போங்கள். மூட்டு வலி, விரல் மரத்தல், காரணமில்லாத களைப்பு, நெஞ்சுவலி எது வந்தாலும் தூங்கினால் சரியாகும் என்று விடாதீர்கள். உடனே ஆக்சிஜன் கொடுக்கச் சொல்லி, முக்குளித்த விவரத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சாதனங்களை நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி நிழலில் காயப்போடுங்கள். பிறகு ஒரு நோட்டில் எழுதுங்கள்: தேதி, இடம், ஆழம், எத்தனை நிமிடம், தொடங்கியபோது எத்தனை பார், முடித்தபோது எத்தனை, எத்தனை கிலோ ஈயம், உடை எது, காது எப்படி இருந்தது. அடுத்த முறை படகில் எவ்வளவு எடை வேண்டும் என்று கேட்பார்கள். நோட்டைத் திறந்து அந்த எண்ணைச் சொல்லுங்கள்.